ஞாயிற்றுக்கிழமை நாற்றம்

மணல் ஃபோர்மேன் தன் மூக்கைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பெருமை பேசுவார். ஒரு பிடி மணலை உள்ளங்கையில் வைத்து முகர்ந்தால் போதும், அதில் பிசின் எவ்வளவு எரிந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். வார்ப்பாலையில் அது சாதாரண விஷயமில்லைதான். ஆனால் தன் மூக்கு நன்றாக இருந்தால் மட்டும் போதுமா, அடுத்தவர் மூக்கையும் கொஞ்சம் மதிக்க வேண்டாமா? அந்த இடத்தில்தான் மனிதர் கோட்டை விட்டார். கூடப் பிறந்த அக்காவையே வீட்டை விற்றுக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்பும் நிலைக்குக் கொண்டுவந்து விட்டார்.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரும்பை உருக்கி மணல் அச்சில் ஊற்றுகிறார்கள். மணல் தானாக ஒட்டி நிற்காது, அதனால் பிசின் கலப்பார்கள். பிசின் சட்டென்று இறுகுவதற்காக ஒரு வாயுவை ஊதுவார்கள். அந்த வாயுவுக்கு அழுகின மீனின் வாடை. அதைவிட மரியாதையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரும்பு ஆறியதும் அச்சை உடைத்து, மணலைத் தூக்கி எறியாமல், மறுபடி பயன்படுத்துவதற்காக ஒரு பெரிய இயந்திரத்துக்குள் அனுப்புவார்கள். அது கட்டிகளை நொறுக்கும், சூடாக்கும், மணலை மணலோடு உரசவிடும். ஒட்டியிருந்த பிசின் தூளாக உதிரும். அந்தத் தூளை ஒரு ஃபேன் உறிஞ்சித் துணிப்பைகளில் வடிகட்ட, பைகளுக்குக் கீழே உள்ள கூம்புத் தொட்டியில் அது வந்து விழும். மணல் சுத்தமாகிவிடும். ஊர்ப்பட்ட நாற்றமும் தூளோடு போய்த் தொட்டியில் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த இயந்திரம் வார்ப்பாலையின் பின்கோடியில் நிற்கிறது. அதற்குப் பின்னால் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒற்றை ஆள் நடக்கும் சந்து. சந்தைத் தாண்டினால் அக்கா வீட்டுப் பின் ஜன்னல். அக்கா தையல்காரி. திரைச்சீலை, மெத்தை உறை, பள்ளிச் சீருடை என்று எது வந்தாலும் தைப்பாள். வெளிச்சத்துக்காகத் தையல் மெஷினை அந்த ஜன்னலோரம்தான் போட்டிருந்தாள். அவள் கணவர், அதாவது மாமா, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். எப்போதோ வந்த ஒரு காய்ச்சலில் அவருக்கு மோப்பம் அடியோடு போய்விட்டது. அடுப்பில் பால் கருகினாலும் பேப்பரைப் புரட்டிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்.

ஃபோர்மேனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு அறையில் வாசம். ஆனால் மதியச் சாப்பாடு எப்போதும் அக்கா கையால்தான். மதிலில் ஒரு சின்ன இரும்புக் கதவு உண்டு. மணி அடித்ததும் அதைத் திறந்து, சந்தைத் தாண்டி, நேராகச் சமையலறைக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். வேலை இடத்தில் அவர் ஃபோர்மேன் சார். அந்தச் சமையலறையில் மட்டும் சின்னவன். ஐம்பதைத் தாண்டிய மனிதரைச் சின்னவனே என்று கூப்பிட உலகத்தில் அந்த ஒருத்திதான் இருந்தாள்.

நாற்றம் அதிகமாகிறது என்று அக்கா முறையிட ஆரம்பித்தபோது ஃபோர்மேன் சும்மா இருக்கவில்லை. மேனேஜரிடம் போய் நின்று, புகைபோக்கியை உயர்த்த வைத்தார். வாடை குறைவான பிசினுக்கு மாற்ற வைத்தார். பைகளெல்லாம் புதுசு. போதாததற்கு, வாரம் முழுக்கச் சேரும் தூள் தொட்டியில் தங்கக் கூடாது என்று சனிக்கிழமை சாயங்காலம் இயந்திரத்தை நிறுத்தியதும் தானே இறங்கி அதைக் கழுவினார். வெந்நீரில் சலவை சோடாவைத் தாராளமாகக் கரைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, ஈரம் காயட்டும் என்று தொட்டியின் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். தனக்குக் கீழே ஆட்கள் இருந்தும் ஒருவரையும் அனுப்பவில்லை. அக்கா விஷயம், அடுத்தவர் கையில் விடுவதாவது.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது அக்கா சொன்னாள். "மத்த நாள்ல கொறஞ்சிருக்குடா சின்னவனே. ஆனா ஞாயித்துக்கிழமை தாங்க முடியல. கொமட்டுது."

"ஞாயித்துக்கிழமை மிஷினே ஓடாதுக்கா. நானே மெயின் சுவிட்சை அணைச்சுட்டு வரேன். ஓடாத மிஷின்லேருந்து எப்படி நாத்தம் வரும்?"

"எப்படின்னு எனக்குத் தெரியாது. வருது. துணியில ஏறுது. மெத்தை உறை தைக்கக் குடுத்த பொண்ணு நேத்து திருப்பிக் கொண்டாந்து வச்சுட்டுப் போறா. ஒரு வார்த்தை பேசல, மூக்கை மட்டும் சுளிச்சா. எனக்கு உயிரே போயிடுச்சு."

"பக்கத்துல யாராவது மீன் கழுவியிருப்பாங்க."

"மீனுக்கும் உன் மிஷினுக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்?"

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். தன் உழைப்பை அக்கா மதிக்கவில்லையே என்ற கோபம் நாக்கைப் பிடித்து இழுத்தது. "உனக்கு மனப்பிரமைக்கா. பழைய நாத்தம் உன் மூக்குலயே தங்கிடுச்சு. வேணும்னா மாமாவையே கேப்போம். மாமா, உங்களுக்கு ஏதாவது நாத்தம் தெரியுதா?"

மாமா பேப்பரை இறக்கினார். கேட்டுவிட்டார்களே என்பதற்காக மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்றார்.

சாட்சிக்கு ஆள் பிடித்ததுதான் பிடித்தார், மோப்பமே இல்லாத மனிதரையா பிடிக்க வேண்டும்? அக்கா கத்தியிருந்தால் விஷயம் அன்றே தீர்ந்திருக்கும். அவள் கத்தவில்லை. கரண்டியைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டாள். "சரி. என் மூக்குதான் பொய் சொல்லுது," என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷினுக்குப் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து சாப்பாடு மதில் கதவுக்கே வந்தது. டிபன் கேரியரை மாமா கொண்டுவந்து நீட்டுவார். உள்ளே என்னவோ எப்போதும் போலத்தான் இருந்தது, உப்பு உறைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் சந்தில் நின்றுகொண்டு வாங்கிய சோற்றை அவர் பாதிக்கு மேல் சாப்பிடவில்லை. பிறகு ஒரு நாள் கேரியரோடு செய்தியும் வந்தது.

"வீட்டை விக்கப் போறாப்பா. எங்க பையன் இருக்கற ஊருக்கே போயிடலாங்கறா. போன ஞாயித்துக்கிழமை ஒரு கண்ணாடிக் கடைக்காரர் வந்து பாத்தார். கர்சீப்பை மூக்குலேருந்து எடுக்கவே இல்ல. அடிமாட்டு விலைக்குக் கேட்டார். இவ அதுக்கும் சரிங்கற மாதிரி இருந்தா. இன்னும் ரெண்டு வாரத்துல திரும்ப வந்து முடிவு சொல்றாராம்."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா மாமா?"

"நான் என்னிக்குச் சொல்லியிருக்கேன்? உங்க அக்கா முடிவு பண்ணிட்டா முடிவுதான். எனக்கென்ன, எந்த ஊரா இருந்தாலும் பேப்பர் வந்தா சரி."

அன்று ஃபோர்மேனுக்கு வேலை ஓடவில்லை. அக்கா போய்விட்டால் இந்த ஊரில் தனக்கு மிச்சம் ஒரு அறையும் ஒரு மணல் இயந்திரமும்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. போய் மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் எதற்கென்று கேட்பது? ஓடாத இயந்திரத்திலிருந்து நாற்றம் வராது என்று அவர் இன்னும் நம்பிக்கொண்டிருந்தார். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டால் அக்கா கண்டுபிடித்துவிடுவாள், அதில் அவளை ஏமாற்ற முடியாது. அந்தச் சனிக்கிழமை சோடாவை இன்னும் இரண்டு பிடி கூடப் போட்டுத் தேய்த்தார்.

அடுத்த சனிக்கிழமை வார்ப்பாலைக்கு வரும் தண்ணீர்க் குழாய் வெளியே எங்கேயோ உடைந்துவிட்டது. கை கழுவக்கூடத் தண்ணீர் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே தொட்டியைக் கழுவாமல், கதவையும் திறக்காமல், அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் அடித்தது. அக்கா. சண்டைக்குப் பிறகு முதல் அழைப்பு. ஃபோர்மேன் பதறி எடுத்தார்.

"இன்னிக்கு நாத்தம் இல்ல," என்றாள் அக்கா. "இருந்தா இருக்குன்னு சொல்லுவேன். இல்லன்னா இல்லன்னு சொல்லுவேன். மனப்பிரமைக்கு லீவு கிடையாது பாரு." போனை வைத்துவிட்டாள்.

முதலில் அக்கா பேசிவிட்டாளே என்று சந்தோஷமாக இருந்தது. பிறகு குத்திக் காட்டினாளே என்று சுருக்கென்றது. பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது. எல்லா ஞாயிறும் இருந்தது, இந்த ஞாயிறு இல்லை. எல்லாச் சனிக்கிழமையும் செய்தது எது, நேற்று செய்யாதது எது?

தொட்டியைக் கழுவவில்லை.

திங்கட்கிழமை காலை, முதல் வேலையாக லேப் அம்மாவிடம் போனார். வார்ப்பாலையின் பரிசோதனைக் கூடத்தைப் பார்த்துக்கொள்பவர், ரசாயனம் படித்தவர், கிண்டலுக்குக் குறைவில்லாதவர். ஃபோர்மேன் நடந்ததையெல்லாம் சொல்லக் கேட்டுவிட்டு, "எதுல சார் கழுவுறீங்க?" என்றார்.

"சலவை சோடா. வெந்நீர்ல நல்லாக் கரைச்சு."

லேப் அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ சார். அந்த வாயு இருக்கே, அது புளிப்போட சேர்ந்தா உப்பு மாதிரி கட்டுப்பட்டு அடங்கிக் கெடக்கும். பிசின் தூள்ல கொஞ்சம் புளிப்பு இருக்கு. பாவம், அதுபாட்டுக்கு அதுல தூங்கிட்டிருந்துச்சு. நீங்க சூடா சோடாத் தண்ணி ஊத்தி, முதுகுல தட்டி எழுப்பி, கதவையும் தொறந்து விட்டிருக்கீங்க."

"மத்த நாள்ல வரலையே?"

"மத்த நாள்ல ஃபேன் ஓடுது. வாடையை உள்ள இழுத்து மேல கொண்டுபோய் விட்டுடுது. ஞாயித்துக்கிழமை ஃபேன் இல்ல. தொட்டிக் கதவு எந்தப் பக்கம் தொறக்குது?"

மதில் பக்கம். அக்கா வீட்டு ஜன்னலுக்கு நேராக.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை என்பார்கள். இவர் அதை வாரா வாரம் சொந்தக் கையால், பிரஷ் போட்டு வைத்திருக்கிறார். அக்காவுக்காகச் செய்கிறோம் என்று நினைத்துச் செய்ததெல்லாம் அக்காவை விரட்டுகிற வேலையாக முடிந்திருக்கிறது. ஃபோர்மேனுக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அந்த அவமானத்துக்கு அடியில் ஒரு சின்ன ஆறுதல். காரணம் தெரிந்துவிட்டதே.

லேப் அம்மா இரண்டு பாட்டில்களில் தொட்டித் தூளைப் போட்டார். ஒன்றில் சோடாத் தண்ணீர், இன்னொன்றில் எலுமிச்சை உப்புத் தண்ணீர். குலுக்கி நீட்டினார். ஃபோர்மேன் மாற்றி மாற்றி முகர்ந்தார். முதலாவதில் ஏதோ கொஞ்சம் கூட அடிப்பது போலிருந்தது. அடிக்காதது போலவும் இருந்தது.

"தெரியலையா? எனக்கும் அவ்வளவாத் தெரியல," என்றார் லேப் அம்மா. "வருஷக்கணக்கா இதுக்குள்ளயே கெடக்கறோம், இந்த ஒரு வாடைக்கு நம்ம மூக்கு செத்துப்போச்சு. இதுக்கு வெளி மூக்கு வேணும் சார். நல்ல மூக்கா."

நல்ல மூக்கு எங்கே இருக்கிறது என்று ஃபோர்மேனுக்குத் தெரியும்.

மதியம் மணி அடித்ததும் கேரியருக்குக் காத்திருக்காமல் மதில் கதவைத் திறந்து சந்தைத் தாண்டினார். அக்கா மெஷினில் இருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டாள். அவர் இரண்டு பாட்டிலையும் துணிக் குவியலுக்குத் தள்ளி, மேஜையின் ஓரத்தில் வைத்தார்.

"அக்கா, எனக்கு இதுல வித்தியாசம் தெரியல. நீதான் சொல்லணும்."

"என் மூக்குதான் பொய் சொல்லுமே."

"சொல்லாது. சொல்லிப் பாத்ததில்ல. நான்தான் தப்பாச் சொன்னேன்."

அக்கா மெஷினை நிறுத்தினாள். முதல் பாட்டிலின் மூடியைப் பாதி திருகியதுமே முகம் கோணி, மூடிக் கீழே வைத்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இதுதான். இதேதான். இதுதான்டா ஞாயித்துக்கிழமை." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்றத்தாலா, வேறு காரணத்தாலா என்று அவர் கேட்கவில்லை. இரண்டாவதைத் தயங்கித் தயங்கித் திறந்தாள். முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். "இதுல ஒண்ணுமில்ல. புளிப்பா ஏதோ, அவ்வளவுதான்."

ஃபோர்மேன் எல்லாவற்றையும் சொன்னார். சோடா, வெந்நீர், திறந்து வைத்த கதவு, ஒன்றையும் மறைக்கவில்லை. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"மீன் கழுவுன கையில யாராவது சோடா போடுவாங்களாடா? எலுமிச்சம்பழம் தேய்ப்பாங்க," என்றாள். பிறகு குரலை இறுக்கிக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை அந்தக் கண்ணாடிக் கடைக்காரர் வரார். நான் வரச் சொல்லிட்டேன்," என்றாள். ஆனால் தட்டை எடுத்து வைத்தாள். சமையலறையில், பழைய இடத்தில்.

அந்த வாரம் முழுக்க ஃபோர்மேனுக்கு மூச்சுவிட நேரமில்லை. தினமும் ஷிப்ட் முடிந்ததும் ஃபேனை மட்டும் ஓடவிட்டு, முகமூடி போட்டுக்கொண்டு ஆட்களோடு இறங்கினார். தொட்டியின் உள்சுவரில் சோடாத் தண்ணீரும் தூளும் சேர்ந்து இறுகி, சிமெண்ட் பூச்சுப் போல ஒட்டியிருந்தது. அதை மரச் சுத்தியலால் தட்டித் தட்டி, உளியால் பெயர்த்து, மூடி போட்ட டிரம்களில் அடைத்தார்கள். தூளைக் கொண்டுவரும் குழாயின் அடி வளைவைக் கழற்றிப் பார்த்தால் அங்கேயும் ஈரச் சேறு. அதையும் வழித்தார்கள். எலுமிச்சை உப்புத் தண்ணீரைக் கொட்டாமல், அதில் துணியை நனைத்துப் பிழிந்து, மூலை முடுக்கெல்லாம் துடைத்தார்கள். ஃபேன் காற்றிலேயே காயவிட்டார்கள்.

எல்லாம் முடிந்ததும் மாமா மூலமாக அக்காவை மதில் கதவுவரை வரவழைத்தார். தொட்டியைத் துடைத்த துணியை முகர்ந்து தலையாட்டிய அக்கா, தொட்டிக் கதவின் விளிம்பில் வாடை கசியாமல் அடைக்கும் கம்பளி கேஸ்கட்டை அவர் பிய்த்துக் காட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இது நாத்தத்தைக் குடிச்சிருக்கு. தூக்கிப் போடு," என்றாள். ஃபோர்மேன் மறுபேச்சுப் பேசாமல் புது கேஸ்கட் போட்டார். சனிக்கிழமை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே விடாமல், கதவை இறுக்கி மூடி, நான்கு பக்கமும் போல்ட்டை முறுக்கினார்.

ஞாயிறு விடிந்ததும், கைக்குக் கிடைத்த நேற்றைய சட்டையை மாட்டிக்கொண்டு, முதலில் வார்ப்பாலைக்குள் போய்த் தொட்டிக் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அக்கா வீட்டுக்கு வந்தார். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. அக்கா ஒவ்வொரு ஜன்னலிலும் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள்.  இருக்கிறதா இல்லையா என்று கேட்கத் தைரியமில்லாமல் ஃபோர்மேன் உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடிக் கடைக்காரர் மனைவியோடு வந்தார். வாசலிலேயே கர்சீப்பை எடுத்தார். ஒரு நொடி நின்றார். கர்சீப்பைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். உள்ளே போனார், பின் ஜன்னலில் தலையை நீட்டினார், மனைவியைக் கூப்பிட்டு அவளையும் முகரச் சொன்னார். இருவரும் ஒரு மூலையில் நின்று கிசுகிசுத்தார்கள்.

"போன தடவை நான் கம்மியாத்தான் கேட்டேன்," என்றார் திரும்பி வந்து. "மனசுல வச்சுக்காதீங்க. நீங்க முதல்ல சொன்ன விலைக்கே வாங்கிக்கறேன். இன்னிக்கே அட்வான்ஸ் தரேன்."

 பிள்ளையார் பிடிக்கக் குரங்கு ஆகிவிட்டதே. நாற்றம் இருந்தால் அக்கா போய்விடுவாள் என்று ஃபோர்மேன் ராப்பகலாக உளியும் கையுமாக நின்றார். இப்போது நாற்றம் போய், வீட்டுக்கு நல்ல விலையும் வந்துவிட்டது. அவரால் அக்கா முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தார்.

"வீடு விக்கறதா இல்லைங்க," என்றாள் அக்கா.

"போன தடவை விக்கறேன்னீங்களே?"

"போன தடவை நாத்தம் இருந்துச்சு. இப்ப இல்ல. நல்ல வீட்டை யாராவது விப்பாங்களா?"

கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். ஃபோர்மேனுக்கு வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. அத்தனை நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனதும், நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார்.

"நாத்தம் தாங்காம போறேன்னு நெனச்சியா?" என்றாள் அக்கா. "நாத்தத்தோடயே காலம் தள்ளியிருப்பேன்டா. நான் சொன்னதை நீ நம்பல பாரு, அதுதான் தாங்க முடியல."

"தப்புதான்க்கா."

"தப்புதான்," என்றாள் அக்கா. ஈரத்துணி நிரம்பிய வாளியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். "வா, பிடி."

ஞாயிற்றுக்கிழமை வெளியே துணி காயப்போடுவதை அவள் விட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. இருவரும் பெட்ஷீட்டை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறி, மதிலைப் பார்த்து இருந்த கொடியில் போட்டார்கள். அக்கா பெட்ஷீட்டில் முகத்தைப் புதைத்து முகர்ந்தாள். திருப்தியாகத் தலையை ஆட்டினாள். அடுத்த துணியை எடுக்கத் தம்பி பக்கம் திரும்பியவள் மூக்கைச் சுளித்தாள்.

"இந்தச் சட்டையில அடிக்குது."

ஃபோர்மேன் பொத்தானை அவிழ்த்து, சட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, பனியனோடு நின்றார்.

உள்ளேயிருந்து மாமா பேப்பருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "சட்டையிலயா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உங்களை யாரு கேட்டா?" என்றார்கள் அக்காவும் தம்பியும், சேர்ந்தாற்போல்.